பதுங்கி வரும் நேரம்

ஸ்டூடியோக்காரம்மாவுக்கு ஒரு சக்களத்தி உண்டு. ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியும். சொன்னவளே அவள்தான்.

"எங்க வீட்டுக்காரரு அவளைத் துடைச்சு, பொத்திப் படுக்க வச்சிட்டுத்தான் தான் படுப்பாரு. அவளுக்குத் தனி அலமாரி, தனிப் பெட்டி. மழைக்காலத்துல பூசணம் பிடிச்சிரக் கூடாதுன்னு பெட்டிக்குள்ள ஒரு குட்டி விளக்கு வேற. எனக்கு ஜலதோஷம் பிடிச்சா மட்டும், மாத்திரை போடுன்னு ஒரே வார்த்தை."

பாஸ்போர்ட் படம் எடுக்க வந்து பெஞ்சில் காத்திருப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்த முகம் பாஸ்போர்ட்டுக்கு ஆகாது என்று அவளே பிறகு கண்டிப்பாள். சக்களத்தி என்பது ஒரு லென்ஸ். முழங்கை நீளம், கைக்குழந்தை கனம். கணவர் அதைத் தூக்கிக்கொண்டுதான் காட்டுக்குப் போவார்.

வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. ஒரு வெள்ளைத் திரை, குடை வைத்த இரண்டு விளக்குகள், சுற்றினால் உயரும் ஒரு ஸ்டூல். சுவரில் ஒரு கண்ணாடி. யாரும் மறதியாகப் பையில் போட்டுக்கொண்டு போய்விடாமல் இருக்க, கண்ணாடியில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு சீப்பு. முகங்கள் அவள் பொறுப்பு. "தோளை இறக்குங்க. தாடையை ஒரு பொடி கீழ. அசையாதீங்க." இந்த மூன்று வாக்கியங்களை அவள் நாள் முழுக்கச் சொல்வாள். கடைசி வார்த்தையை மட்டும் குரலைத் தாழ்த்தி, தொட்டிலை ஆட்டி நிறுத்துவதுபோல் சொல்வாள். வீறிட்டு அழுகிற பிள்ளைகூட அந்தக் குரலுக்கு ஒரு நொடி அடங்கும். அந்த ஒரு நொடி அவளுக்குப் போதும்.

கணவர் கல்யாணங்களுக்குப் போவார். கல்யாணம் இல்லாத நாளில் காடு. அவருடைய பைத்தியம் மரத்தின் உச்சியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டிப் பாடுகிற பறவைகள்மேல் இல்லை. வெயிலே இறங்காத இடத்தில், புதருக்கு அடியில், சருகோடு சருகாக வாழ்கிறவைதான் அவருக்கு வேண்டும். அதிலும் ஒன்று. காட்டுக்காரர்கள் அதைப் பதுங்கி என்பார்கள். ஒரு சாண் நீளமிருக்கும். முதுகு ஈரமண் நிறம். வெளுத்த மார்பில், மை தொட்ட விரலால் ஒற்றி ஒற்றி எடுத்ததுபோல் கறுப்புப் பிறைகள். இத்தனை வருடத்தில் அதன் முழு உருவத்தை அவர் ஒருமுறைகூட ஒழுங்காகப் பிடித்ததில்லை.

"கோவிச்சுக்கிட்டுப் போற மாப்பிள்ளை மாதிரி முதுகைத்தான் காட்டுது," என்பார்.

"நீங்க எங்க அப்பா வீட்டுல காட்டின முதுகுதானே. இப்ப உங்களுக்குக் காட்டுது," என்பாள் அவள்.

அப்புறம் வலது கை நடுங்கத் தொடங்கியது.

முதலில் அதை அவள் காதுதான் கண்டுபிடித்தது. டீக் கோப்பையைத் தட்டில் வைக்கும்போது கிணிகிணியென்று ஒரு சத்தம். மருத்துவர் சோதித்துப் பார்த்து, உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் இனி இது கூடவே இருக்கும் என்றார். அன்றிலிருந்து ஸ்டூடியோக்காரம்மா கோப்பையில் பாதிதான் ஊற்றினாள். அவருக்கு மட்டும் பாதி ஊற்றினால் அது தெரிந்துவிடும். அதனால் வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் பாதி. அவள் கஞ்சத்தனம் பிடித்துப்போனாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை. பேசிவிட்டுப் போகட்டும். கோப்பை சிந்தவில்லை அல்லவா.

கல்யாண வேலைகளை அவர் ஒவ்வொன்றாக வேறு ஆட்களுக்கு விட்டுக்கொடுத்தார். அதில் அவருக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. காட்டுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தார். ஒருமுறை போய்த் திரும்பியவர் பையை மூலையில் வைத்துவிட்டு, சக்களத்தியைத் துடைக்காமலே படுத்துவிட்டார். அவளுக்குத் திக்கென்றது.

மறுநாள் காலையில் சொன்னார். "பதுங்கி வந்துச்சு. நேருக்கு நேரா நின்னுச்சு. எல்லாப் படமும் ஆடிப்போச்சு. அங்கேயே அழிச்சிட்டேன்."

"டிரைபாட் மேலதானே வச்சீங்க?"

"டிரைபாட் என்ன செய்யும் பாவம். பக்கத்துல இருக்கறது என் கைதானே." கையை மடியில் வைத்து இன்னொரு கையால் மூடிக்கொண்டார். "கேமராவையும் லென்ஸையும் நம்ம பறவைச் சங்கத்துப் பிள்ளைங்ககிட்ட கொடுத்திடலாம்னு இருக்கேன். ஒரே ஒரு தடவை போய்ச் சொல்லிட்டு வந்திடறேன்."

"யாருகிட்ட?"

"பதுங்கிகிட்டதான்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் சக்களத்தி சக்களத்தி என்று கரித்துக்கொட்டியவளுக்கு, வீட்டில் இருந்து யாரையோ கையைப் பிடித்து வெளியே அனுப்புவதுபோல் இருந்தது. விடியுமுன் எழுந்து, விசில் அடித்துக்கொண்டே சட்டை மாட்டுகிற மனிதர் அவர். அந்தப் பெட்டியோடு அந்த விசிலும் வாசற்படி தாண்டிப் போய்விடும். அதற்குப் பிறகு எதற்காக எழுந்திருப்பார்? ஸ்டூலைச் சுற்றி உயர்த்துவதற்கா?

"நானும் வரேன்," என்றாள். "நீங்க குறி பாருங்க. பொத்தானை நான் அமுக்கறேன்."

ஸ்டூடியோவைப் பார்த்துக்கொள்ள நாத்தனாரை வரச் சொன்னாள். அண்ணியைச் சீண்டுவதற்காகவே பிறந்தவள் அவள். பை கட்டுவதை வாசலில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"சக்களத்திய நீங்களே தோள்ல சுமந்துட்டுப் போறீங்களா அண்ணி? இப்படி ஒரு பொண்டாட்டிய நான் பார்த்ததே இல்லை."

"கைக்குழந்தை யாராச்சும் வந்தா அவசரப்படாதே. அழுது முடிக்கட்டும், அப்புறமா எடு."

"அதை நான் பார்த்துக்கறேன். காட்டுல பேசக் கூடாதாமே. நீங்க எப்படி உயிரோட திரும்பி வருவீங்க?"

*

காட்டின் ஓரத்தில் ஒரு தங்குமிடம். இரும்புக் கட்டில், ஈரம் ஊறிய சுவர், ஜன்னலுக்கு வெளியே மரங்கள். அவர்களை உள்ளே கூட்டிப்போக ஒரு வனக்காவலர் வந்தார். பேச்சுக் குறைந்த மனிதர். கணவரை அவருக்குப் பல வருடப் பழக்கம். கை நடுங்குவதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

வழியில் ஒரு ஓடை. குறுக்கே ஒரு நீள அடிமரம் கிடந்தது. அதன்மேல் நடந்துதான் அக்கரைக்குப் போகவேண்டும். காவலர் முதலில் கடந்து போனார். கடந்ததும் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, அதற்குள் கல் இருப்பதுபோல் தட்டத் தொடங்கினார். கணவர் இரண்டு கைகளையும் விரித்து, தடுமாறி, ஒருமுறை குனிந்து மரத்தைப் பிடித்து, மெல்ல மெல்லக் கடந்தார். அவர் கால் மண்ணைத் தொட்ட பிறகுதான் காவலருக்குச் செருப்பு சரியாயிற்று. அந்தச் செருப்பில் கல் இருந்ததா இல்லையா என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஸ்டூடியோக்காரம்மா அந்த மனிதரை மனசுக்குள் ஒருமுறை கும்பிட்டுக்கொண்டாள். விழுந்தால் தூக்கிவிடக் கை நீட்டுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. தடுமாறுவதைப் பார்க்காமல் இருக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான்.

இலை நிறத் துணியால் ஆன ஒரு சின்ன மறைவுக் கூடாரம், புதரோடு ஒட்டிக் கிடந்தது. உள்ளே இரண்டு பேர் குந்தலாம், நிமிர முடியாது. துணியில் ஒரு துவாரம். அதன் வழியே சக்களத்தியின் வாய் மட்டும் வெளியே நீண்டது. எதிரே கொஞ்சம் சருகுத் தரை, பாசி பிடித்த ஒரு கல், கல்லின் தோளில் ஒரு பெரணிச் செடி. அவ்வளவுதான். இதைப் பார்க்கவா இந்த மனுஷர் இத்தனை வருடம் ஓடி வந்தார் என்று அவளுக்குத் தோன்றியது.

"விளக்கு போட்டு எடுத்தா என்ன?" என்று காதோடு கேட்டாள். "நம்ம ஃப்ளாஷ் சும்மாதானே கிடக்குது."

"இருட்டுல வாழற கண்ணு அது. பளிச்னு அடிச்சா கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியாது. அந்தக் கொஞ்ச நேரத்துல பாம்பு வரலாம், பூனை வரலாம். நமக்கு ஒரு படம் வேணும்கறதுக்காக அதைக் குருடாக்கலாமா?"

"அப்ப எப்படித்தான் விழும் படம்?"

"கேமராவோட கண்ணை ரொம்ப நேரம் திறந்து வைக்கணும். இருக்கற வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள வந்து சேரும். அதுவரைக்கும் எதுவும் அசையக் கூடாது. கேமராவும் அசையக் கூடாது, பறவையும் அசையக் கூடாது." சற்று நின்று, "பக்கத்துல இருக்கறவனும்," என்றார்.

கேமராவில் இருந்து ஒரு கம்பி வந்தது. அதன் நுனியில் கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான். அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, தன் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

காத்திருப்பது என்றால் என்ன என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களை அசையாதே என்று சொன்னவளுக்கு முதுகு அரித்தது, கால் மரத்தது, மூக்கின் நுனியில் ஒரு கொசு சாவகாசமாக உட்கார்ந்தது. தன் ஸ்டூலில் உட்கார்ந்த எத்தனை பேருக்கு எங்கெங்கே அரித்திருக்குமோ என்று நினைத்துப் பரிதாபப்பட்டாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு தன் முணுமுணுப்பை விட்டது. அப்போதுதான் காடு கேட்கத் தொடங்கியது. ஒரு சருகு விழும் சத்தம். எங்கோ ஒரு துளி, இலையில் இருந்து இலைக்கு இறங்கி வருகிற சத்தம். கண்ணும் பழகியது. இருட்டு என்று அவள் நினைத்திருந்த இடத்தில் பச்சையிலேயே எத்தனை வகை இருந்தன.

நீளமாக, மெல்லியதாக ஒரு சீழ்க்கை வந்தது. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல முடியாத ஒற்றைச் சுரம். கணவரின் முழங்கை அவளைத் தொட்டது.

கல்லுக்குப் பின்னால் இருந்து அது நடந்து வந்தது. பறந்து வரவில்லை. யாரோ தூங்குகிற வீட்டுக்குள் நடப்பதுபோல் அடி வைத்து வந்தது. ஸ்டூடியோக்காரம்மாவின் விரல் பொத்தானுக்குப் போனது. விரல் பொத்தானுக்குப் போனால் வாய் என்ன செய்யும்? எத்தனை வருடப் பழக்கம்.

"அசையாதீங்க," என்றாள், ஸ்டூடியோக் குரலில்.

பதுங்கி போய்விட்டது. போனதுகூடத் தெரியவில்லை. கல் இருந்தது, பெரணி இருந்தது.

அவளுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கணவர் பக்கம் திரும்பவே தைரியம் வரவில்லை. கூடாரம் மெல்ல ஆடத் தொடங்கியது. காற்றா என்று பார்த்தாள். இல்லை. அவர் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. அந்தச் சிரிப்பை அவள் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று.

"தாடையை... தாடையை ஒரு பொடி கீழ இறக்கச் சொல்லலியே," என்றார், மூச்சு வந்ததும்.

"நீங்க வேற. எனக்கு அழுகையா வருது."

"அழாதே. பாஸ்போர்ட் எடுக்க வந்திருக்கும்னு நெனச்சுக்க. கூட்டமா இருக்குன்னு போயிருக்கு, திரும்பி வரும்."

அன்று அது திரும்பி வரவில்லை.

*

மறுநாள் வானம் இறங்கிக் கிடந்தது. காவலர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ராத்திரி மழை புடிச்சிக்கும் சார். ஓடை பொங்கிட்டா பாதைய மூடிடுவாங்க. இன்னிக்கு ஒரு பொழுதுதான்," என்றார். கணவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அதுவும் சரிதான். இந்த ஒரு பொழுதே போதும்," என்றார். அந்தப் 'போதும்' அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிற்பகலிலேயே காட்டுக்குள் அந்தி வந்துவிட்டது. அவள் கைக்குட்டையை மடித்து, தன் வாய்க்குக் குறுக்கே கட்டி, பின்னந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். கணவர் பார்த்தார், சிரிக்கவில்லை. கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். அவருடைய வலது கை நேற்றைவிட அதிகமாக ஆடியது. குளிரோ என்னவோ. கேமராவில் முகம் வைத்துக் குறி பார்த்து, கல்லின் மேல் ஃபோகஸை நிறுத்தி, பின்னால் நகர்ந்து, வலது கையை நேற்றுப்போல் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கடவுளே, என்று அவள் வேண்டத் தொடங்கினாள். என்ன கேட்பது என்று யோசித்தாள். கை சரியாகட்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்தாயிற்று. படம் நன்றாக விழட்டும் என்று கேட்பது சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தது. கடைசியில் ஒன்றுமே கேட்காமல், கடவுளே என்ற சொல்லோடு மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

சீழ்க்கை வந்தது. பிறகு அதுவும் வந்தது.

இந்த முறை அவசரம் இல்லாமல் பார்த்தாள். கல்லைச் சுற்றி வந்து, அவர்களை நேருக்கு நேர் பார்த்து நின்றது. பெரிய கண். சுற்றிலும் உள்ள வெளிச்சம் அத்தனையும் போய்ச் சேர்ந்த இடம்போல், அந்தக் கண்ணில் ஒரு பொட்டு மினுக்கம். மார்பின் ஒவ்வொரு பிறைக்கும் ஓரத்தில் மெல்லிய வெண்மை. யாரும் பார்க்காத இடத்தில் ஒளிந்து வாழ்கிற ஒன்றுக்கு எதற்காக இத்தனை வேலைப்பாடு? அவள் இதுவரை கோவில் வாசலில் நின்று கும்பிட்டிருக்கிறாள். இங்கே கும்பிடக் கையைத் தூக்கினால் அது ஓடிவிடும். கையைத் தூக்காமலே கும்பிட்டாள். பொத்தானை அமுக்கினாள். கேமரா சத்தமில்லாமல் கண்ணைத் திறந்து, வெகுநேரம் கழித்து மூடியது.

பறவை போகவில்லை. சருகுகளுக்குள் இறங்கி மேயத் தொடங்கியது.

கணவர் கறுப்புத் துணியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, அதற்குள் படத்தைப் பார்த்தார். வெளிச்சம் வெளியே கசிந்தால் பறவைக்குத் தெரிந்துவிடும். துணிக்குள் இருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"ஆடிருச்சு," என்றார். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது. "கால் கலங்கியிருக்கு. அதே மாதிரிதான் போன தடவையும். நான் தொடாமலே உட்கார்ந்திருந்தேன். என் நடுக்கம் தரை வழியா போகுது போல. விடு."

இடது கை விரல் அழிக்கிற பொத்தானைத் தேடியது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கைக்குட்டையைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, அவளும் அந்தத் துணிக்குள் தலையை நுழைத்தாள். கேமராத் திரையின் வெளிச்சம் அவர்கள் இருவரின் முகத்திலும் நீலமாக விழுந்தது.

அவள் பறவையை முதலில் பார்க்கவில்லை. நாள் முழுக்க முகங்களைப் படம் எடுக்கிறவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. படம் கலங்கியிருந்தால் யார் மேல் தப்பு என்று பார்க்க, முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள திரையின் மடிப்பைப் பார்ப்பாள். மடிப்பும் கலங்கியிருந்தால் கேமரா அசைந்திருக்கிறது. மடிப்பு தெளிவாக இருந்தால் வந்தவர் அசைந்திருக்கிறார், அவரிடமே சொல்லி மறுபடி உட்கார வைக்கலாம்.

"என்னங்க, இந்தக் கல்லைப் பாருங்க," என்று காதோடு கிசுகிசுத்தாள்.

"கல்லுக்கு என்ன?"

"பாசி ஒண்ணொண்ணா எண்ணலாம் போல இருக்கு. பெரணி ஓரத்துல பல்லு தெரியுது. பறவையோட கண்ணைப் பாருங்க, மணி மாதிரி நிக்குது. உங்க கை ஆடியிருந்தா கல்லும்ல ஆடியிருக்கணும்?"

அவர் கண்ணைச் சுருக்கித் திரையை உற்றுப் பார்த்தார்.

"கால் மட்டும்தாங்க கலங்கியிருக்கு. அதுவும் ஒத்தைக் கால்."

இரண்டு பேரும் மெதுவாகத் துணியை விட்டு வெளியே வந்து துவாரத்தின் வழியே பார்த்தார்கள். பதுங்கி கல்லின் ஓரம் நின்றிருந்தது. உடம்பு சிலைபோல் இருந்தது. ஒரு கால் ஊன்றியிருந்தது. மற்றக் கால், சருகின் மேல் லேசாகப் பட்டபடி, நடுங்கிக்கொண்டிருந்தது.

பயத்தில் நடுங்குவது இல்லை அது. தபேலாக்காரரின் விரல்போல், அவ்வளவு விரைவாக, அவ்வளவு பதமாக அந்தக் கால் சருகைத் தட்டிக்கொண்டே இருந்தது. தட்டுவது, தலையைச் சாய்த்துக் கேட்பது, மறுபடியும் தட்டுவது. மழை பெய்கிறது என்று நினைத்ததோ என்னவோ, சருகுக்கு அடியில் இருந்து ஒரு புழு மெல்லத் தலை நீட்டியது. பறவை குனிந்து எடுத்துக்கொண்டது. இரண்டு அடி நகர்ந்தது. மறுபடியும் அந்தக் காலை நீட்டி, மறுபடியும் நடுங்கியது.

ஸ்டூடியோக்காரம்மாவுக்கு மெய் சிலிர்த்தது. நடுங்கித்தான் அது சாப்பிடுகிறது. அந்த நடுக்கத்தை அதற்குக் கொடுத்தவன், கூடவே அதற்கு ஒரு வேலையையும் கொடுத்திருக்கிறான். அவளுக்கு மேற்கொண்டு யோசிக்கத் தெரியவில்லை. கணவரின் கைக்கு ஏன் அப்படி ஒரு வேலை இல்லை என்று கேட்கவும் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இத்தனை வருஷம்," என்றார் கணவர், உதடு மட்டும் அசைய. "இத்தனை வருஷம் இதோட முகம் முகம்னே ஓடியிருக்கேன். காலைப் பார்க்கவே இல்லை." சற்றுப் பொறுத்து, "போன தடவை எத்தனை படம் அழிச்சேன் தெரியுமா? அத்தனையும் இதுதான். அது சாப்பிட்டிருக்கு. நான் என் கையைத் திட்டிட்டு உட்கார்ந்திருந்திருக்கேன்."

"கொஞ்சம் கல்லையும் பார்த்திருக்கலாம்."

"கையைத் தவிர வேற எதையும் பார்க்கலை."

தொடைக்கு அடியில் இருந்த கை எப்போது வெளியே வந்தது என்று அவளுக்குத் தெரியாது. முழங்காலின் மேல் திறந்தாற்போல் கிடந்து, தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதை மூடவில்லை. அவள் கம்பியின் நுனியை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் திடுக்கிட்டார். "வேண்டாம். நீயே அமுக்கு. நான் ஒரு தடவை அமுக்கினா நாலு தடவை அமுங்கும்."

"நாலு படம் விழட்டுமே. நமக்கென்ன நஷ்டம்?"

"வெளிச்சம் போயிட்டே இருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

விரலைப் பொத்தானின் மேல் வைத்தார். விரல் அங்கே நிற்கவில்லை, வழுக்கியது, மறுபடி வந்தது. அவளுக்கு அந்தக் கையைப் பிடித்து நிறுத்தவேண்டும் போலிருந்தது. பிடிக்கவில்லை. ஓடைக்கரையில் செருப்பைத் தட்டிக்கொண்டிருந்த மனிதரின் முதுகு நினைவுக்கு வந்தது. அவள் முகத்தைத் துவாரத்தின் பக்கம் திருப்பி, பறவையை மட்டும் பார்த்தாள்.

பதுங்கி கல்லின்மேல் ஏறியது. சருகில் இருந்து கொஞ்சம் உயரம். அங்கே கடைசி வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. நின்றது. சீழ்க்கை அடிக்கத் தொண்டை லேசாக உப்பியது. அந்த ஒற்றைச் சுரம் இத்தனை பக்கத்தில் இருந்து வந்தபோது, அதற்குள் இன்னொரு மெல்லிய சுரமும் சேர்ந்து ஒலிப்பது கேட்டது. இரண்டு பேர் சேர்ந்து ஒரே மூச்சில் இசைப்பதுபோல். தூரத்தில் இருந்து கேட்கிறவர்களுக்கு இது கிடைக்காது. ஸ்டூடியோக்காரம்மா கண்ணை மூடவில்லை, கண் தானாக நிறைந்து பறவை மங்கியது. பக்கத்தில் பொத்தான் அமுங்குகிற மெல்லிய ஓசை கேட்டது. மறுபடியும் கேட்டது. மறுபடியும்.

பறவை இறங்கிப் போன பிறகும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. அது தூரமாகப் போகட்டும் என்று காத்திருந்தார்கள். கல் எது, இருட்டு எது என்று தெரியாமல் போயிற்று. அவர் படங்களைப் பார்க்கவில்லை. துணியைப் போர்த்திப் பார்க்கலாமே என்று அவள் ஜாடை காட்டினாள். அப்புறம் பார்க்கலாம் என்று அவரும் ஜாடை காட்டினார். எப்படிப்பட்ட மனிதர். வெந்தும் வேகாததுமாகப் பாத்திரத்தைத் திறந்து பார்க்கிறவர்.

வனக்காவலர் டார்ச்சைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, பாதையில் தள்ளி நின்றிருந்தார். முதல் தூறல் இலைகளில் விழுந்துகொண்டிருந்தது.

"கிடைச்சுதா சார்?"

"கால் நடுங்கிருச்சு," என்றார் கணவர்.

காவலர் பாவம் என்பதுபோல் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"அய்யோ, என் கால் இல்லை. அதோட கால். சருகுமேல இப்படி." நின்று, தன் வலது கையை டார்ச் வெளிச்சத்துக்கு முன் நீட்டிக் காட்டினார். ஒளித்து வைத்த கை அது. வெளியாள் ஒருவருக்கு முன்னால் அதை அவர் தானாக நீட்டுவதை அவள் முதல்முறையாகப் பார்த்தாள். வெளிச்சத்தில் விரல்கள் தட்டித் தட்டி ஆடின, தூறல் அவற்றின்மேல் விழுந்தது. "இதே மாதிரிதான். இதே வேகம். புழு மழைன்னு நெனச்சு வெளிய வருது. நீங்க பார்த்திருக்கீங்களா?"

காவலர் அந்தக் கையை முதல்தடவையாக நேராகப் பார்த்தார். "சருகு தானா ஆடறதைப் பார்த்திருக்கேன் சார். காத்துன்னு நெனச்சேன்."

"நான் என் கைன்னு நெனச்சேன்," என்றார் கணவர்.

நடந்தார்கள். ஓடைப் பக்கம் தண்ணீர் இரைச்சல் ஏறியிருந்தது. அடிமரத்தின் முன்னால் வந்ததும் காவலர் வழக்கம்போல் முதலில் கடக்கக் கால் எடுத்தார். கணவர் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"கொஞ்சம் கையைக் கொடுங்க," என்றார். "இருட்டா இருக்கு, வழுக்கும்."

காவலர் கை கொடுத்தார். இரண்டு பேரும் பக்கவாட்டில் அடி வைத்துக் கடந்தார்கள். அக்கரை போனதும் அந்தக் கையை விடாமலே கணவர் கேட்டார்:

"மழை விட்டா, பாதைய எப்போ திறப்பாங்க?"

"அது மழையத்தான் கேக்கணும் சார்."

"திறந்ததும் ஒரு ஃபோன் பண்ணுங்க. இதுக்குக் குஞ்சு இருக்கும். குஞ்சுக்குக் கால் எப்போ நடுங்க ஆரம்பிக்கும்னு பார்க்கணும்."

இக்கரையில் நின்ற ஸ்டூடியோக்காரம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி, தான் கடக்கவேண்டும் என்பதையே மறந்து கொஞ்ச நேரம் நின்றாள்.